எல்லாருமே எதிரிகளா?

விளையாட்டுப் பக்கத்தில் நம் காற்பந்துக் குழு ‘எதிரி’யின் வலைக்குள் கோல் போடுகிறது. வர்த்தகப் பக்கத்தில் ஒரு விமான நிறுவனம் ‘எதிரி’ நிறுவனத்தைவிடக் கட்டணத்தைக் குறைக்கிறது. அரசியல் பக்கத்தில் ஒரு வேட்பாளர் தம் ‘எதிரி’யை முந்துகிறார். உலகச் செய்தியில் ‘எதிரி’ நாட்டின் ஏவுகணை ஒரு குடியிருப்பின்மேல் விழுகிறது. தமிழ் ஏடுகளில் இப்படி எழுதப்படுவது புதிதல்ல. ஆனால் சிங்கப்பூரில் இது கூடுதலாகவே உறுத்துகிறது. இங்கே பல செய்திகள் ஆங்கிலத்தில் பிறந்துதான் தமிழுக்கு வருகின்றன. வாசிப்பவரும் இரு மொழியும் அறிந்தவர். மூலத்தில் அப்போனன்ட், காம்பெட்டிட்டர், ரைவல், எனிமி என்று தனித்தனியே இருந்தவை தமிழில் ஒரே சொல்லாகச் சுருங்கிப்போவதைப் பார்த்துவிட்டு, ‘தமிழில் சொல் இல்லை போலிருக்கிறது’ என்று அவர் முடிவு கட்டிவிடுகிறார். அந்த முடிவு தவறு. சொல் இருக்கிறது, நாம் எடுப்பதில்லை. எடுக்காததால் கெடுவது மொழி மட்டுமல்ல. எதிரே நிற்பவருக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம் என்ற கணக்கும் சேர்ந்தே கெடுகிறது.

இந்த ஆங்கிலச் சொற்களை ஒத்தபொருட் பட்டியலாகப் படித்து வளர்ந்தவர்களுக்கு, அவை வெப்பமானியின் கோடுகள்போலத் தோன்றும். காம்பெட்டிட்டர் என்றால் இளஞ்சூடு, ரைவல் என்றால் கொஞ்சம் அதிகம், எனிமி என்றால் கொதிநிலை. வெறுப்பை அளக்கும் இந்தக் கருவி வேலை செய்வதில்லை. ஒரே பதவிக்கு ஆசைப்பட்ட இரண்டு ரைவல்கள் சாகும்வரை ஒருவரையொருவர் வெறுக்கலாம். மறுபக்கம், 1914 கிறிஸ்துமஸ் அன்று மேற்குப் போர்முனையில் ஆங்கிலேயச் சிப்பாய்களும் ஜெர்மானியச் சிப்பாய்களும் பதுங்குகுழிகளை விட்டு வெளியே வந்து புகையிலையும் தின்பண்டமும் மாற்றிக்கொண்டார்கள். வெறுப்பு வற்றிப்போயிருந்த அந்தப் பொழுதிலும் அவர்கள் எனிமிகள்தான். சொற்களைப் பிரிப்பது வெறுப்பின் அளவு அல்ல. இருவருக்கும் நடுவில் எது பொது என்பதே. அப்போனன்டோடு ஆடுகளமும் ஆட்டவிதியும் பொது. அட்வர்சரியோடு ஒரு வழக்கும் அதைத் தீர்க்கும் நடுவரும் பொது. காம்பெட்டிட்டரோடு சந்தை பொது. ரைவலோடு ஆசைப்பட்ட பொருளே பொது. எனிமியோடு பொது என்று ஒன்றும் மிச்சமில்லை. ஃபோ என்பது அதே எனிமி கவிதைக்காக உடுத்திக்கொண்ட பழைய உடை. நெமிசிஸ் ஒரு கிரேக்கத் தெய்வத்தின் பெயர். இன்று விளையாட்டுச் செய்தியாளர்களின் செல்லச் சொல்லாகி, ஒருவரை ஓயாமல் தோற்கடிக்கிறவரைக் குறிக்கிறது. அதற்குமேல் அதில் சரக்கில்லை.

எனிமி என்ற சொல்லின் பிறப்பைப் பார்த்தால், அது லத்தீனில் ‘நண்பன் அல்லாதவன்’ என்பதிலிருந்து வந்தது. தமிழ் நிகண்டுகள் பகைவருக்குத் தரும் பெயர்களைப் புரட்டுங்கள்: ஒன்னார், நள்ளார், நண்ணார், கூடார், ஒட்டார், மேவார். ஏறக்குறைய எல்லாமே ‘சேராதவர்’ என்ற ஒரே எதிர்மறையின் வேறுவேறு வடிவங்கள். ஆக, சேர்க்கை அற்றுப்போன இடத்தில்தான் பகை என்ற சொல் தொடங்குகிறது என்பதில் லத்தீன்காரனுக்கும் தமிழனுக்கும் வேறுபாடில்லை. பழந்தமிழ்ப் புறத்திணை இன்னும் ஒருபடி நுணுக்கம் காட்டுகிறது. ஆநிரை கவர்பவன் வெட்சி சூடுகிறான், மீட்பவன் கரந்தை. மதிலை வளைப்பவன் உழிஞை, காப்பவன் நொச்சி. ஒரு களத்தில் நேர்நின்று பொரும்போது மட்டும் இரு தரப்புக்கும் தும்பை. எதிரே நிற்பவன் யார் என்பதைவிட அவனும் நானும் எந்த நிலையில் நிற்கிறோம் என்பதே அங்கே பெயரைத் தீர்மானிக்கிறது. உடனிருந்தே கெடுப்பவனுக்கு ஆங்கிலம் சென்ற நூற்றாண்டில்தான் ஃபிரெனமி என்றொரு வேடிக்கைச் சொல்லைக் கண்டுபிடித்தது. வள்ளுவர் கூடாநட்பு என்றும் உட்பகை என்றும் அவனுக்கு இரண்டு அதிகாரங்களே ஒதுக்கியிருக்கிறார்.

இது ஏட்டுச் சண்டை அல்ல என்பதற்குச் சிங்கப்பூரின் வரலாறே சான்று. பென் மேயர் என்ற ஜெர்மானிய வணிக நிறுவனம் 1840இல் இங்கே தொடங்கியது. ஆங்கிலேய வணிகர்களுக்கு அது போட்டியாளர். சரக்குக்கும் கப்பலுக்கும் முட்டிக்கொள்வார்கள், மாலையில் ஒரே சமூகத்தில் விருந்துண்பார்கள். ஸ்காட்ஸ் ரோட்டில் இன்று குட்வுட் பார்க் ஹோட்டலாக நிற்கும் கட்டடம் 1900இல் ஜெர்மானியர்களின் டியூட்டோனியா மன்றமாக எழுந்ததுதான். 1914 ஆகஸ்ட் 4ஆம் தேதி பிரிட்டன் போர் அறிவித்தது. நேற்றைய காம்பெட்டிட்டர் இன்று எனிமி. யாருடைய மனத்திலும் அந்த ஒரே இரவில் வெறுப்பு ஊறிப் பெருகிவிடவில்லை, பெயர்தான் மாறியது. ஆனால் அந்தப் பெயரின் பின்னால் சட்டம் நின்றது. சொத்துகள் பறிமுதலாயின, ஆட்கள் காவலில் வைக்கப்பட்டார்கள், எனிமியோடு வணிகம் செய்வது குற்றம் என்று லண்டனில் தனிச்சட்டமே வந்தது.

அதே ஆண்டு செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்று எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. பலர் கிலி பிடித்துச் சென்னை நகரத்தைவிட்டு வெளியேறினார்கள். குண்டு போட்டவனின் பெயர் வசவாகத்தான் மாறியிருக்கவேண்டும். தமிழர்கள் வேறு மாதிரி செய்தார்கள். ‘அவன் சரியான எம்டன்’ என்றால் அஞ்சத்தக்கவன், கில்லாடி, ஏமாற்ற முடியாதவன் என்று பொருள். சொல்லும்போதே குரலில் ஒரு மெச்சுதல் இருக்கும். ஆங்கிலேயர்களும் அப்படித்தான். நவம்பர் 9ஆம் தேதி கோக்கோஸ் தீவருகே எம்டனை வீழ்த்திய பிறகு, அதன் தலைவர் ஃபான் முல்லரும் மற்ற அதிகாரிகளும் தங்கள் வாளைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம் என்று பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை அனுமதித்தது. எனிமி என்ற சொல்லில் தண்டனை மட்டுமல்ல, ஒரு வகை மதிப்பும் உரிமையும் பொதிந்திருந்தன என்பதை இங்கே கவனிக்கவேண்டும்.

அந்த உரிமை இல்லாதவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் சிங்கப்பூர் கண்டது. எம்டனைச் சேர்ந்த லவுட்டர்பாக் என்ற அதிகாரி டாங்லின் முகாமில் கைதியாக இருந்தார். 1915 பிப்ரவரி 15, சீனப் புத்தாண்டுக் காலம். ஐந்தாம் இலகு காலாட்படையின் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து, டாங்லின் முகாமைத் திறந்துவிட்டார்கள். ஜெர்மானியர்களில் பெரும்பாலோர் அசையவில்லை. லவுட்டர்பாக் உள்ளிட்ட சிலர் தப்பினர். கிளர்ச்சி அடங்கியபின் 47 சிப்பாய்களுக்கு மரண தண்டனை. பலர் ஊட்ரம் சாலைச் சிறைச்சுவரோரம் பொதுமக்கள் பார்க்கச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஜெர்மானியன் எனிமி, ஆகவே போர்க்கைதி. அவனுக்குச் சோறும் கூரையும் உண்டு. இந்தியச் சிப்பாய் எனிமி அல்லன், கலகக்காரன். அவனுக்குச் சுவரோரம்தான் இடம். இரண்டு பேரில் ஆங்கிலேயர்களை அதிகம் வெறுத்தவர் யார் என்ற கேள்விக்கு இந்தத் தீர்ப்பில் இடமே இல்லை.

இருபத்தேழு ஆண்டுகள் கழித்து, இன்று தேக்காவிலிருந்து நடந்துபோகும் தொலைவில் உள்ள ஃபேரர் பார்க் திடலில், இதே கேள்வி பேருருவம் எடுத்தது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. பதினேழாம் தேதி அந்தத் திடலில் 40,000க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் திரட்டப்பட்டு, ஒரு பிரிட்டிஷ் அதிகாரியால் ஜப்பானிய மேஜர் புஜிவாராவிடம் முறைப்படி ஒப்படைக்கப்பட்டார்கள். காலையில் எனிமியாக இருந்தவர் மாலைக்குள் விடுதலைக்கு உதவ வந்த தோழராகத் தம்மை அறிமுகம் செய்துகொண்டார். மோகன் சிங் தலைமையில் இந்திய தேசிய ராணுவம் முளைத்தது; சேர மறுத்தவர்கள் கைதிகளாகவே இருந்து, பலர் நியூகினி வரை கொண்டுசெல்லப்பட்டார்கள். 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் வந்தபின் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். அதே ஆண்டுகளில் அதே தோட்டங்களிலிருந்து வேறு தமிழர்கள் சயாம் ரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டு, அந்தத் ‘தோழ’னின் கீழ் காலராவிலும் பட்டினியிலும் மடிந்தார்கள். ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு எனிமி என்ற சொல் எதிரெதிர்த் திசையைக் காட்டிய காலம் அது.

இந்த வரலாற்றில் என் வாதத்துக்கு மிகவும் வேண்டிய கட்டம் டெல்லிச் செங்கோட்டையில் நடந்தது. 1945 நவம்பரில் ஷா நவாஸ் கான், பிரேம் சைகல், குர்பக்ஷ் சிங் தில்லான் ஆகிய மூன்று இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள் மீது விசாரணை தொடங்கியது. அரசின் பார்வையில் அவர்கள் மன்னருக்குச் செய்த சத்தியத்தை மீறிய துரோகிகள். அவர்களுக்காக வாதாடிய புலாபாய் தேசாய், அவர்கள் யாரையும் வெறுக்கவில்லை என்று சொல்லி இரக்கம் கேட்கவில்லை. 1943 அக்டோபர் 21 அன்று சிங்கப்பூரில் போஸ் அறிவித்த தற்காலிக அரசு முறைப்படி போர் தொடுத்தது, அடிமைப்பட்ட மக்களுக்குப் போர் தொடுக்கும் உரிமை உண்டு, ஆகவே இவர்கள் போர்புரியும் தரப்பு என்றார். சுருங்கச் சொன்னால், ‘இவர்களை எனிமி என்று ஒப்புக்கொள்’ என்பதே கோரிக்கை. துரோகி என்ற பெயரிலிருந்து எதிரி என்ற பெயருக்கு உயர்வதற்காக ஒரு மாபெரும் வழக்கு. ஆயுள் முழுதும் நாடு கடத்தும் தண்டனை விதிக்கப்பட்டது. நாட்டின் கொந்தளிப்பைப் பார்த்த தளபதி ஆக்கின்லெக் அதை ரத்து செய்தார். இவ்வளவு விலைகொடுத்துக் கேட்கப்பட்ட ஒரு சொல்லைத்தான் நாம் பூப்பந்தாட்ட அரையிறுதிக்கு வீசிக்கொண்டிருக்கிறோம்.

ரைவல் வேறு இனம். அதன் லத்தீன் மூலத்துக்கு ‘ஒரே ஓடையில் நீர் எடுப்பவர்’ என்று பொருள் சொல்வார்கள். தமிழில் இதற்கு அச்சொட்டாக ஒரு சொல் இருக்கிறது, ஆனால் அதை யாரும் இந்த இடத்தில் தேடுவதில்லை: பங்காளி. தமிழ்நாட்டுக் கிராமத்தில் பங்காளி என்றால் ஒரே தாத்தாவின் சொத்தில் பங்குள்ளவன். வரப்பு, வாய்க்கால், குலசாமி முதல் மரியாதை எல்லாவற்றுக்கும் அவனோடுதான் தகராறு. சாவு விழுந்தால் அவன் வராமல் பிணம் எடுக்கமுடியாது. பங்காளிச் சண்டை என்ற தொடருக்கு எந்தத் தமிழருக்கும் விளக்கம் தேவையில்லை. சிங்கப்பூரின் அலுவலகத் தமிழிலோ பங்காளித்துவம் என்பது கைகோத்துச் செய்யும் கூட்டுமுயற்சி. இரண்டும் பிழையல்ல. பங்கு இருக்கும் இடத்தில் ஒத்துழைப்பும் போட்டியும் ஒன்றாகத்தான் குடியிருக்கும். ரேஸ் கோர்ஸ் ரோட்டில் முத்தூஸ் கறியும் பனானா லீஃப் அப்போலோவும் நடந்துபோகும் தூரத்தில் ஒரே மீன்தலைக் கறியை வாழையிலையில் விற்கின்றன. இரண்டில் எது சிறந்தது என்று சிங்கப்பூரர்கள் ஆண்டுக்கணக்கில் வாதாடுகிறார்கள். அந்த வாதம்தான் அந்தச் சாலையையே மீன்தலைக் கறிச் சாலை ஆக்கியது. ஒன்று மூடினால் மற்றொன்றுக்கு லாபம் என்று கணக்குப் போடுகிறவர் சிராங்கூன் பக்கம் வியாபாரம் செய்து பார்த்தவராக இருக்கமுடியாது.

காற்பந்தில் இந்தக் கணக்கு அப்பட்டமாகத் தெரிந்தது. 1994 டிசம்பர் 17 அன்று ஷா ஆலம் அரங்கில் பகாங்கை 4-0 என்று வென்று சிங்கப்பூர் மலேசியக் கிண்ணத்தைத் தூக்கியது. பல்லாயிரம் பேர் எல்லை கடந்து போய்ப் பார்த்த ஆட்டம். அதை அடுத்து நுழைவுச்சீட்டு வருமானப் பிரச்சினையில் இரு சங்கங்களும் முறைத்துக்கொள்ள, சிங்கப்பூர் போட்டியிலிருந்தே விலகி 1996இல் தனக்கென எஸ்-லீக் தொடங்கியது. திறமைக்கும் பணத்துக்கும் அப்போது பெரிய குறை இல்லை. ஆனால் கல்லாங் அரங்கின் அந்தப் பழைய ஆரவாரம் திரும்பவில்லை. ஆட்ட நிர்ணய ஊழல், தொலைக்காட்சியில் வந்து குவிந்த ஆங்கிலேய லீக் என்று வேறு காரணங்களும் உண்டு, மறுக்கவில்லை. என்றாலும் ஜோகூரும் கெடாவும் பகாங்கும் இல்லாத லீக்கில் ஏதோ ஒன்று குறைந்தது என்பதை 2012இல் லயன்ஸ் டுவல்வ் அணியை மீண்டும் மலேசிய லீக்குக்கு அனுப்பிய முடிவே ஒப்புக்கொள்கிறது. எனிமி விலகினால் நிம்மதி. ரைவல் விலகினால் நட்டம்.

அரசியலில் சிங்கப்பூர் இன்னும் வியப்பான ஒன்றைச் செய்தது. எதிர்க்கட்சியான பாரிசான் சோசியலிஸ் 1966இல் நாடாளுமன்றத்தைவிட்டு வெளியேறிய பிறகு, 1968 முதல் நடந்த பொதுத்தேர்தல்களில் மக்கள் செயல் கட்சியே எல்லா இடங்களையும் வென்றுவந்தது. 1981 அக்டோபர் 31 ஆன்சன் இடைத்தேர்தலில் பாட்டாளிக் கட்சியின் ஜே.பி. ஜெயரத்தினம்தான் அந்த வரிசையை உடைத்தார். மூன்று ஆண்டுகள் கழித்து, ஆளும் கட்சியே அரசமைப்பைத் திருத்தி, எதிர்த்தரப்பில் குறைந்தது இத்தனை பேராவது அவையில் இருக்கவேண்டும் என்று தொகுதியில்லா உறுப்பினர் முறையைக் கொண்டுவந்தது. இன்று அந்த எண்ணிக்கை 12. தோற்றவர்களில் முன்னணியில் நின்றவர்களுக்கு நாற்காலி. இதில் தந்திரம் இருக்கிறது, உண்மையான எதிர்க்கட்சிக்கான பசியை இது மழுக்குகிறது என்று அப்போதே சொன்னார்கள். 1984இல் முதலில் அழைக்கப்பட்ட பாட்டாளிக் கட்சியின் எம்.பி.டி. நாயர் அந்த இடத்தை ஏற்கவே இல்லை. நோக்கம் எதுவானாலும், எந்த அரசும் தன் எனிமிக்கு நாற்காலி போட்டுச் சட்டம் எழுதுவதில்லை. பிரிட்டனில் 1826இலேயே ஹாப்ஹவுஸ் என்ற உறுப்பினர், ஆட்சியில் இல்லாதவர்களை ‘மன்னரின் எதிர்த்தரப்பு’ என்று கேலியாகச் சொல்லப்போய் அது நிலைத்துவிட்டது. 1937 முதல் அதன் தலைவருக்கு அரசே சம்பளம் தருகிறது. இங்கே 2020 தேர்தலுக்குப் பிறகு பிரித்தம் சிங் எதிர்க்கட்சித் தலைவர் என்று முறைப்படி அழைக்கப்பட்டதும் இதே மரபின் தொடர்ச்சி.

‘எதிர்க்கட்சி’ என்ற சொல்லிலேயே எதிரி ஒளிந்திருக்கிறானே, அதையும் மாற்றுவாயா என்று கேட்கலாம். வேண்டியதில்லை. எதிர் என்றால் முகத்துக்கு நேர். எதிர்வீடு பகைவீடு அல்ல, மாப்பிள்ளையை எதிர்கொண்டு அழைப்பது சண்டைக்கு அல்ல. அவையில் எதிர்வரிசையில் அமர்பவர் எதிர்க்கட்சி. அந்தச் சொல் கச்சிதமானது. கெடுதி எங்கே வருகிறது என்றால், அங்கிருந்து ஒரே தாவலில் ‘அரசியல் எதிரி’க்குப் போகும்போது. நீதிமன்றத் தமிழும் இந்தத் தாவலைச் செய்திருக்கிறது. தமிழ்நாட்டுக் காவல்துறை ஆவணங்களிலும் இலங்கை நீதிமன்றச் செய்திகளிலும் குற்றம் சாட்டப்பட்டவருக்கு ‘எதிரி’ என்றே பெயர். குற்றம் மெய்ப்பிக்கப்படும்வரை நிரபராதி என்று சட்டம் சொல்கிற ஆளை, ஆவணத்தின் முதல் வரி எதிரி என்கிறது. யாருக்கு எதிரி? இந்த ஒரு விஷயத்தில் ‘குற்றஞ்சாட்டப்பட்டவர்’ என்று நீட்டி எழுதும் சிங்கப்பூர்த் தமிழ் ஏடுகளின் பொறுமையைப் பாராட்டவேண்டும்.

தலைப்பில் இடம் இல்லை, எதிரி சின்னச் சொல், சூழல் வாசகருக்குப் புரியாதா என்பது செய்திமேசையின் மறுப்பு. இடம் குறைவுதான். ஆனால் எதிரணி என்பது எதிரியைவிட ஓரெழுத்துதான் கூடுதல். எதிராளி, எதிர்த்தரப்பு, போட்டியாளர் எல்லாம் தலைப்பில் அடங்குகிற சொற்களே. சூழல் புரியும் என்பது காற்பந்துக்குச் சரி. தேர்தலில், அதுவும் பல இனங்கள் சேர்ந்து வாழும் ஒரு சிறிய தீவில், அது அவ்வளவு நிச்சயமில்லை. இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: இப்படிச் சொற்களை இழைத்து இழைத்து எழுதினால் உண்மையான பகையும் மழுங்கிப்போகாதா? கொன்றவனையும் ‘மாற்றுத்தரப்பு’ என்று எழுதச் சொல்கிறீர்களா? இல்லை. பகை என்ற சொல்லைச் சேமித்து வைக்கச் சொல்வதே, அது வேண்டிய இடத்தில் வெட்டவேண்டும் என்பதற்காகத்தான்.

1965 மார்ச் 10 அன்று ஆர்ச்சர்ட் ரோட்டில் மெக்டொனால்ட் ஹவுஸில் குண்டு வெடித்தது. 3 பேர் இறந்தார்கள், குறைந்தது 33 பேர் காயமடைந்தார்கள். அது இந்தோனீசியா நடத்திவந்த அறிவிக்கப்படாத போரின் ஒரு பகுதி. அந்தப் போருக்கு இந்தோனீசியா ‘கொன்ஃப்ரொன்டாசி’ என்று பெயர் வைத்திருந்தது. போர் என்று சொல்லாமலே போர் செய்ய உதவும் சொல் அது. மழுப்பல் என்றால் அதுதான் மழுப்பல். குண்டு வைத்த இரு இந்தோனீசியக் கடற்படை வீரர்களையும் போர்க்கைதிகளாக ஏற்கச் சிங்கப்பூர் மறுத்தது. 1968 அக்டோபர் 17இல் சாங்கியில் தூக்கிலிட்டது. அதற்கு ஓராண்டு முன்பே, 1967 ஆகஸ்ட் 8 அன்று, யாழ்ப்பாணத்தில் பிறந்து இங்கே பத்திரிகையாளராக வளர்ந்த வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினம், அதே இந்தோனீசியாவின் ஆதம் மாலிக்கோடு பாங்காக்கில் ஆசியான் அறிக்கையில் கையெழுத்திட்டிருந்தார். குண்டு வைத்தவன் வேறு, அவனை அனுப்பிய ஆட்சி வேறு, பக்கத்தில் என்றைக்கும் இருக்கப்போகும் நாடு வேறு என்று மூன்றையும் பிரித்துப் பார்த்ததால்தான் தூக்கு, கையெழுத்து இரண்டுமே கைகூடின. 1973இல் லீ குவான் இயூ ஜகார்த்தாவில் அந்த இருவரின் கல்லறையில் பூத்தூவினார். 2014இல் இந்தோனீசியா ஒரு போர்க்கப்பலுக்கு அவர்கள் பெயரை வைத்தபோது, அந்தக் கப்பல் சிங்கப்பூரின் எந்தத் துறைமுகத்திலும் நுழைய முடியாது என்று தற்காப்பு அமைச்சு அறிவித்தது. தடை அந்தப் பெயர் தாங்கிய கப்பலுக்கு மட்டும். மற்ற இந்தோனீசியக் கப்பல்களுக்கு வழி திறந்தே இருந்தது.